ரோஸ் சீட்டும் பிளாக்செயினும்: கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

வெள்ளைச் சீட்டில் 8,420 கிலோ. கணினித் திரையில் 8,240. நடுவில் இருந்த 180 கிலோ பெங்களூரா மாங்காய் எங்கே போனது என்று கேட்டுக்கொண்டு, ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம், குத்தகைக்காரர் ஒருவர் எடைமேடை அறை வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. சீட்டை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, "இதுல எழுதினது உங்க ஆள்தானுங்களே?" என்று மட்டும் கேட்டார். எழுதியது ஆலையின் ஆள்தான். திரையில் இருந்ததும் ஆலையின் கணக்குதான். ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது பிளாக்செயின், அதில் ஒருமுறை பதிந்துவிட்டால் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது என்று சொல்லித்தான் இரண்டு மாதத்துக்கு முன்பு அதை எங்களிடம் விற்றிருந்தார்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் உள்ள அந்த மாங்கூழ் ஆலைக்குக் கணக்கும் கணினியும் பார்க்கிறவன் நான். முழுநேர ஆள் இல்லை, சீசனில் வாரம் மூன்று நாள் போவேன். ஆலையின் பெயரும் மென்பொருளை விற்றவர்களின் பெயரும் இங்கே வேண்டாம். சீசன் ஓய்ந்த பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நாம வாங்கினது பிளாக்செயினா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றார். ஒரு வரியில் முடிகிற கேள்வி என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் ஆனது.

பின்னணி

மாங்கூழ் தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தோப்பு வைத்திருப்பவர்கள் பலர் நேராக ஆலைக்குக் காய் கொண்டுவருவதில்லை. பூ விட்டதும், அல்லது பிஞ்சு பிடித்ததும், தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். குத்தகைக்காரர் மருந்தடித்து, காவல் போட்டு, பறித்து, மண்டிக்கோ ஆலைக்கோ ஏற்றி அனுப்புவார். ஆலைக்கு வருவது பெரும்பாலும் பெங்களூரா. வெளியூரில் தோத்தாபுரி என்றும் கிளிமூக்கு என்றும் சொல்வது இதைத்தான். லாரியோ டிராக்டரோ எடைமேடையில் ஏறி இறங்கியதும் காய் பழுக்கவைக்கும் கூடத்துக்குப் போகும். பிறகு கழுவி, தரம் பிரித்து, கூழெடுத்து, சூடாக்கிக் கிருமி நீக்கி, காற்றுப் புகாத பையில் நிரப்பி இரும்பு பீப்பாய்க்குள் இறக்குவார்கள். ஒரு பீப்பாய்க்கு 215 கிலோ. அந்த ஒரு பீப்பாய்க்குள் பத்துத் தோப்புப் பழம் கலந்திருக்கலாம்.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. வெளிநாட்டுக்கு வாங்கும் ஏஜென்ட், "ஏதாவது ஒரு பீப்பாயை நான் காட்டினால், அதில் எந்தெந்தத் தோப்புப் பழம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டார். மருந்து எச்சம் ஏதாவது வந்தால் யாரைக் கேட்பது என்பது அவர் கவலை. எங்களிடம் இருந்தது கார்பன் வைத்து எழுதும் எடைச் சீட்டுப் புத்தகம். வெள்ளைத் தாள் வண்டிக்காரரிடம் போகும், ரோஸ் அலுவலகத்துக்கு, மஞ்சள் புத்தகத்திலேயே தங்கும். பத்து நாள் கழித்து ஒரு பீப்பாயின் ஜாதகத்தைத் தேட வேண்டுமென்றால் ரோஸ் சீட்டுக் கட்டை அவிழ்த்துப்போட்டு, கூடத்துப் பலகையில் சாக்பீஸால் எழுதியதைப் படமெடுத்து வைத்திருந்தால் அதையும் பார்த்து, இரண்டு பேர் அரை நாள் உட்கார வேண்டும்.

சரி, கணினிக்கு மாறிவிடலாம் என்று முதலாளி முடிவெடுத்த வாரத்திலேயே பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்து இறங்கினார்கள்.

அவர்கள் காட்டிய படம்

அவர்களுடைய முதல் படமே மாம்பழம்தான். அமெரிக்காவின் வால்மார்ட்டும் ஐபிஎம்மும் சேர்ந்து செய்த சோதனை அது. கடையில் இருந்த நறுக்கிய மாம்பழப் பொட்டலம் ஒன்று எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கப் பழைய முறையில் ஏறத்தாழ 7 நாள் ஆனதாம், பிளாக்செயினில் 2.2 விநாடிதானாம். இது உண்மையான கணக்குதான், உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற மென்பொருள்மேல் கட்டப்பட்ட முறை அது. நம் மாம்பழம் இல்லை என்றாலும், மாம்பழம் என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஏழு நாளை இரண்டு விநாடியாகக் குறைத்தது எது? காகிதத்திலும் ஒவ்வொரு நிறுவனத்தின் தனிக் கணினியிலும் சிதறிக் கிடந்த தகவலை ஒரே இடத்தில் தேடும்படி வைத்ததுதான். அந்த வேகத்தைச் சாதாரணத் தரவுத்தளமும் கொடுக்கும். ஏற்றுமதித் திராட்சைக்கு, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடா நடத்தும் கிரேப்நெட் 2006-இலிருந்தே தோட்டம்வரை தடம் பிடிக்கிறது. அது மத்தியில் ஒரே இடத்தில் இருக்கும் தரவுத்தளம். பிளாக்செயின் என்ற பேச்சே பிறக்காத காலம். வால்மார்ட் சோதனையில் பிளாக்செயின் கூடுதலாகக் கொடுத்தது வேகத்தை அல்ல. பண்ணை, பொட்டலம் கட்டுபவர், லாரிக்காரர், கடை என்று தனித்தனி முதலாளிகள் எழுதும் பேரேட்டை ஒருவர் மட்டும் கையில் வைத்துக்கொண்டு திருத்த முடியாது என்ற உறுதியைத்தான் அது கொடுத்தது.

அவர்கள் பேச்சில் ஒரு கட்டத்தில் "டிஎல்டி" என்ற சொல் வந்தது. பலர் கையில் பிரதி இருக்கும் பகிர்பேரேட்டுத் தொழில்நுட்பத்துக்கு ஆங்கிலச் சுருக்கம் அது. முதலாளி கையை உயர்த்தி, "அது நாம ஏற்கனவே பண்ணிட்டோமே, எஸ்எம்எஸ்ஸுக்கு. ஐயாயிரத்துச் சொச்சம் கட்டினேன்" என்றார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே, "அது வேற, இது வேற சார்" என்றார்கள். அது வேறு இல்லை என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஏப்ரலில் புது முறை ஏறியது. எடைமேடையில் ஒரு டேப், பீப்பாய்மேல் க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் தேதி, தோப்பு, எடை, பழத்தின் பிரிக்ஸ் என்ற இனிப்பு அளவு, கீழே நீளமாக ஒரு எழுத்துக்கோவை, அதன் பக்கத்தில் "பிளாக்செயினில் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு பச்சை டிக். அதோடு கார்பன் புத்தகத்தை நிறுத்திவிட்டோம். எடைபோடும் பெரியவர் மட்டும் பழக்கதோஷத்தில் மிச்சமிருந்த தாள்களில் எழுதி வண்டிக்காரர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கதோஷம் மட்டும் இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை.

180 கிலோ

திருட்டு எதுவும் நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த லோடில் அழுகல் அதிகம். மறுநாள் கூடத்தில் தரம் பிரித்தபோது 180 கிலோ கழிவாக ஒதுக்கப்பட்டது. மேற்பார்வையாளர் அதைத் தனியாக ஒரு வரியில் பதியாமல், எடைமேடைப் பதிவையே திறந்து 8,420-ஐ 8,240 ஆக்கிவிட்டார். கழிவுபோக எடை அதுதானே என்பது அவர் நியாயம். குத்தகைக்காரருக்கு யாரும் சொல்லவில்லை, அது வேறு கதை.

எனக்கு உறுத்தியது பச்சை டிக். பதிவு மாறியிருக்கிறது, மாறிய தடமே இல்லை, டிக் மட்டும் அப்படியே நிற்கிறது. மாற்ற முடியாத ஒன்றில் மாற்றியது எப்படி?

விற்றவர்களிடம் பின்தளத்தைக் காட்டச் சொன்னேன். இரண்டு வாரம் இழுத்த பிறகு காட்டினார்கள். ஒரே ஒரு சர்வர். அதில் சாதாரணத் தரவுத்தள அட்டவணை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஹாஷ் என்று ஒரு கட்டம், அதில் முந்தைய வரியின் ஹாஷையும் சேர்த்துக் கணக்கிட்ட விரல்ரேகை. அவ்வளவுதான். "செயின் இருக்குல்ல சார்?" என்றார்கள். செயின் இருக்கத்தான் செய்தது.

அந்தச் செயின் என்ன செய்கிறது என்பதை முதலாளிக்குக் காட்ட ஒரு விளையாட்டுக் கணக்கு போட்டேன். உண்மையான ஹாஷ் முறையான ஷா-256 மிகச் சிக்கலானது, 64 எழுத்து வரும். இங்கே எளிய விதி ஒன்று: முந்தைய வரியின் ரேகையை 7-ஆல் பெருக்கி, இந்த வரியின் எடையைக் கூட்டி, கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் லோடு 8,420. முன்னால் எதுவும் இல்லாததால் ரேகை 420. இரண்டாவது லோடு 6,150. 420-ஐ ஏழால் பெருக்கினால் 2,940, கூட்டினால் 9,090, ரேகை 090. மூன்றாவது லோடு 7,310. 90 பெருக்கல் 7 என்றால் 630, கூட்டினால் 7,940, ரேகை 940.

இப்போது முதல் வரியை 8,240 ஆக்குங்கள். அதன் ரேகை 240. அதை ஒட்டி இரண்டாவது 830 ஆகிறது, மூன்றாவது 120. மேலே ஒரு எண்ணைத் தொட்டதும் கீழே எல்லாம் புரண்டுவிட்டது. சங்கிலியின் பலம் இதுதான்.

ஆனால் புரண்டதை யார் பார்ப்பது? மூன்று வரியும் ஒருவர் கணினியில்தான் இருக்கிறது. மேலே திருத்தியதும் கீழே உள்ள ரேகைகளை மறுபடி போடும்படி நிரலே எழுதப்பட்டிருந்தது. டிக் எதைச் சரிபார்த்தது என்றால், புதிய வரிகளும் புதிய ரேகைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும். ஒத்துப்போகாமல் எங்கே போகும்! திருத்துவதற்கு முன்பே யாராவது ஒருவர் தன் பாக்கெட் நோட்டில் "940" என்று குறித்து வைத்திருந்தால் கதை வேறு. திரையில் 120 என்று வந்ததும் பிடித்திருப்பார். சங்கிலி ஒரு பாதிதான். வெளியே இன்னொருவர் கையில் இருக்கும் சாட்சி மறு பாதி.

இந்த மறு பாதி பிட்காயினுக்கும் முந்தியது. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இருவர் 1991-இல் ஆவணங்களுக்கு இப்படிச் சங்கிலியாக நேரமுத்திரை குத்தும் முறையை எழுதினார்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995-இலிருந்து வாரந்தோறும் அந்த ரேகையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வரி விளம்பரமாகப் போட்டது. அத்தனை வீட்டுக்கும் போய்விட்ட பேப்பரை யார் திருத்துவது? பிட்காயினை அறிமுகப்படுத்திய கட்டுரையின் எட்டு மேற்கோள்களில் மூன்று இவர்களுடைய எழுத்துதான்.

பெயர்களைப் பிரித்தல்

இப்போது முதலாளியின் கேள்வி. பிளாக்செயின் எது, பகிர்பேரேடு எது, இரண்டும் இல்லாதது எது? மூன்று கேள்வியை வரிசையாகக் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும் என்பது என் அனுபவம்: பிரதி எத்தனை பேரிடம் இருக்கிறது, அவர்கள் ஒருவரை ஒருவர் நம்புகிறார்களா, பதிவுகள் எந்த வடிவில் கோக்கப்பட்டிருக்கின்றன. வடிவம் கடைசிக் கேள்வி. விற்க வருபவர்கள் அதை முதல் கேள்வியாக்கிவிடுகிறார்கள்.

ஒரே முதலாளி, ஒரே பேரேடு, ஆனால் ஹாஷ் சங்கிலி உண்டு. எங்களுக்கு விற்றது இந்த வகை. இது கேவலமான வகை ஒன்றும் இல்லை. அமேசானே க்யூஎல்டிபி என்ற பெயரில் இப்படி ஒன்றை 2018-இல் அறிவித்தது. எல்லாரும் நம்பும் ஒரு மைய அமைப்பு இருக்கும் இடத்துக்கானது இது என்று வெளிப்படையாகவே சொன்னது, பிளாக்செயின் என்று ஏமாற்றவில்லை. 2025 ஜூலையோடு அந்தச் சேவையை நிறுத்தியும்விட்டது. எங்களுக்கு விற்றவர்கள் செய்த தவறு பொருளில் பாதி, பெயரில் பாதி.

பல கணினி, பல பிரதி, ஆனால் எல்லாம் ஒரே நிர்வாகத்துக்குச் சொந்தம். இது பரவல் தரவுத்தளம். வங்கியும் ரயில்வேயும் இப்படித்தான் ஓடுகின்றன. ஒரு கணினி படுத்துவிட்டால் இன்னொன்று எழுந்து நிற்கும். அது படுக்கலாம், ஆனால் பொய் சொல்லாது என்பது இங்கே எடுத்துக்கொண்ட நம்பிக்கை. படுப்பதற்கும் பொய் சொல்வதற்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது. லேம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982-இல் பைசாந்தியத் தளபதிகள் கணக்கு என்று எழுதியது இதைப் பற்றித்தான். ஒருவர் பொய் சொல்லலாம் என்ற நிலையில் மற்றவர்கள் ஒரே முடிவுக்கு வர மொத்தம் நான்கு பேராவது வேண்டும், மூன்று போதாது.

பிரதிகள் தனித்தனி முதலாளிகளிடம் இருக்கின்றன, அவர்களுக்குள் முழு நம்பிக்கை இல்லை, ஆனாலும் எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகே ஒரு வரி ஏறும் என்றால் அப்போதுதான் பகிர்பேரேடு. டிஎல்டி என்ற மூன்றெழுத்து இதற்குத்தான். இந்தக் குடும்பத்துக்குள் ஒரு பிள்ளை பிளாக்செயின். ஐஎஸ்ஓ 22739 என்ற சொற்களுக்கான தரநிலையும் இதையே சொல்கிறது: உறுதிசெய்த பதிவுகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக, ரகசியக் கணிதத்தால் பிணைத்த பகிர்பேரேடுதான் பிளாக்செயின். ஆக எல்லா பிளாக்செயினும் பகிர்பேரேடு, எல்லாப் பகிர்பேரேடும் பிளாக்செயின் இல்லை. மாம்பழம் எல்லாம் பெங்களூரா இல்லை என்பதுபோல.

பிளாக்செயினை ஊர்க் கணக்காகச் சொன்னால், கோவில் கமிட்டியில் இருக்கும் அத்தனை பேர் வீட்டிலும் ஒரே கணக்கு நோட்டு இருப்பதுபோல. ஒரு பக்கம் நிரம்பியதும் எல்லாரும் அதே பக்கத்தைத் தங்கள் நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள். அடுத்த பக்கத்தின் தலையில் முந்தைய பக்கத்தின் ரேகை இருக்கும். 2009 ஜனவரி 3 அன்று தொடங்கிய பிட்காயினில் யார் வேண்டுமானாலும் நோட்டு வைத்துக்கொள்ளலாம், சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தை எழுதும் உரிமைக்கு மின்சாரத்தைச் செலவழித்துப் போட்டி போட வேண்டும். (வேடிக்கை என்னவென்றால் 2008-இல் வந்த அந்த மூலக் கட்டுரையில் 'பிளாக்செயின்' என்ற ஒற்றைச் சொல்லே கிடையாது.) இன்னொரு பெரிய பிளாக்செயினான எத்தீரியம் 2022 செப்டம்பரில் மின்சாரப் போட்டியைக் கைவிட்டு, பணயம் வைப்பவர்களுக்கு எழுதும் உரிமை என்று மாறிவிட்டது. எழுதுபவரைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் மாறியது, பக்கமும் சங்கிலியும் மாறவில்லை. மின்சாரம் தின்றால்தான் பிளாக்செயின் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கிலும் பக்கமும் சங்கிலியும் உண்டு. ஆனால் தெரிந்த உறுப்பினர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம். பதிவுகளை வரிசைப்படுத்தும் வேலைக்கு அதில் வழக்கமாகப் போடும் ராஃப்ட் முறை, கணினி படுத்தால் தாங்கும், பொய்யைத் தாங்காது. 3.0 பதிப்பில் பொய்யைத் தாங்கும் முறையும் சேர்ந்தது. எனவே "ஃபேப்ரிக் போட்டிருக்கிறோம்" என்று யாராவது சொன்னால் நான் உடனே கேட்பது, வரிசைப்படுத்தும் கணினிகள் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்பதுதான். ஐந்தும் ஒரே முதலாளியின் கிளவுட் கணக்கில் இருந்தால் பெயர்தான் ஃபேப்ரிக்.

இப்போது பக்கமே இல்லாத பகிர்பேரேடுகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது கோர்டா, ஏனென்றால் அது எங்கள் குத்தகைத் தொழில் மாதிரியே இருக்கிறது. ஆர்3 என்ற வங்கிக் கூட்டமைப்பு உருவாக்கி 2016 நவம்பரில் அதன் நிரலை வெளிப்படையாக வைத்தது. இதில் எல்லார் கணக்கும் எல்லாரிடமும் போகாது. தோப்புக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் நடுவில் நடந்த பேச்சு அவர்கள் இருவரிடம் மட்டும் இருக்கும். அப்படியானால் ஒரே தோப்பை இரண்டு பேருக்குக் குத்தகைக்கு விட்டால்? எங்கள் பக்கம் இது நடக்காத சங்கதி இல்லை. அதற்காகவே நோட்டரி என்று ஒரு தனிக் கணினி இருக்கிறது. 'இந்தத் தோப்பு இந்த வருஷம் ஏற்கனவே போய்விட்டதா' என்பதை மட்டும் அது பார்த்து முத்திரை குத்தும். ஒவ்வொரு ஒப்பந்தமும் தனக்கு முந்தைய ஒப்பந்தத்தை ஹாஷால் சுட்டும், ஆனால் கட்டுகள் கிடையாது. தொடக்கத்தில் ஆர்3 காரர்களே "எங்களுடையது பிளாக்செயின் இல்லை" என்று எழுதினார்கள். பிறகு அதே பொருளை பிளாக்செயின் தளம் என்று விளம்பரப்படுத்தினார்கள். சந்தையில் எந்தப் பெயர் விலைபோகிறதோ அதைத்தானே ஒட்டுவார்கள்! செந்தூரா விலை ஏறிய வருஷம் கூடையில் இருப்பதெல்லாம் செந்தூராதான்.

ஐயோட்டா என்ற டிஜிட்டல் நாணயத்தின் தொடக்ககால டாங்கிள் இன்னொரு வகை. எடைமேடை வரிசையில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்காரரும் தனக்கு முன்னால் போன இரண்டு பேரின் சீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் தன் வண்டியை ஏற்றலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்ச் சங்கிலி இருக்காது, பின்னல் வலை மாதிரி வளரும். ஆனால் அந்த வலை அறுந்துவிடாமல் இருக்கப் பல வருஷம் அதை உருவாக்கிய அறக்கட்டளையே கோஆர்டினேட்டர் என்ற கணினியை வைத்துக் காத்தது. அப்படியானால் பரவல் எங்கே என்று கேட்டவர்கள் அப்போதே இருந்தார்கள். ஹாஷ்கிராஃப், நானோ எல்லாம் இந்தப் பின்னலின் வேறு வேறு தையல்கள், அதற்குள் போனால் ஆலை வேலை நடக்காது.

எஸ்எம்எஸ் டிஎல்டி

முதலாளி சொன்னதுதான் சரி என்று நான் ஒப்புக்கொண்ட இடம் இது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 ஜூலையில் கொண்டுவந்த விதிமுறைப்படி, வியாபார எஸ்எம்எஸ் அனுப்புபவர் யார், என்ன தலைப்பில், எந்த வாசகத்தில் அனுப்புகிறார், வாங்குபவர் சம்மதித்தாரா என்பதெல்லாம் தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் பகிர்பேரேட்டில் ஏற வேண்டும். ஊரில் நகைக்கடையும் ஸ்கூலும் சீட்டுக் கம்பெனியும் "டிஎல்டி ரிஜிஸ்டர் பண்ணணும்" என்று அலைந்தது இதற்குத்தான். நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் டிஎல்டி என்றால் எஸ்எம்எஸ் பதிவு என்றே நினைக்கிறார்கள். தப்பில்லை, நாட்டில் அதிகம் பேர் கைபட்ட பகிர்பேரேடு அதுதான்.

மூன்று கேள்வியை இதில் போட்டுப் பாருங்கள். பிரதி பல நிறுவனங்களிடம். அவர்கள் ஒருவருக்கொருவர் தொழில் எதிரிகள். ஒரு நிறுவனத்தில் பதிந்த தலைப்பை இன்னொரு நிறுவனத்தின் சந்தாதாரருக்கு அனுப்பும்போது அந்த நிறுவனமும் அதை ஏற்க வேண்டும். ஒருவரே பேரேட்டை வைத்துக்கொள்ள மற்றவர் விடமாட்டார். இப்படி ஒரு இடத்துக்குத்தான் இந்தத் தொழில்நுட்பம் பிறந்தது. அதற்காகச் சுகமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். 2021 மார்ச் 8 அன்று வாசகங்களை ஒப்பிட்டு வடிகட்டும் வேலையைத் தொடங்கியதும் நாடு முழுக்க ஓடிபி நின்றுபோனது. டிராய் அதை ஏழு நாள் தள்ளிவைத்தது. அன்று ஒரு ஜிஎஸ்டி ஓடிபிக்காக நான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. பேரேட்டில் யாரும் எதையும் திருத்தவில்லை. பதிந்த வாசகமும் அனுப்பிய வாசகமும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். உள்ளே போடும்போதே தப்பாகப் போட்டதை எந்தச் சங்கிலியும் சரிசெய்யாது, அதைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கும்.

என்ன செய்தோம்

முதலாளிக்கு எழுதிக்கொடுத்த அறிக்கை ஒன்றேகால் பக்கம். வாங்கியது பிளாக்செயின் இல்லை, பகிர்பேரேடும் இல்லை. ஹாஷ் ஒட்டிய ஒற்றைத் தரவுத்தளம். அதைவிட வருத்தமான ஒன்றையும் எழுதினேன். நாம் நிறுத்திய கார்பன் புத்தகம்தான் பகிர்பேரேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று பிரதி, அதில் வெள்ளை எதிர்த்தரப்பின் கையில், ஒருவர் மட்டும் நினைத்தால் மாற்ற முடியாது. தேட நேரம் ஆகும், ஆனால் பொய் சொல்லாது. அதை எடுத்துவிட்டு, சீக்கிரம் தேடக்கூடியதும் ஓசையில்லாமல் மாற்றக்கூடியதுமான ஒன்றைப் பணம் கொடுத்து வைத்தோம்.

"அப்ப நிஜ பிளாக்செயினே போட்ரலாமா?" என்றார். போடலாம், ஆனால் யார் யார் கணினி வைப்பார்கள் என்று கேட்டேன். குத்தகைக்காரர்கள் சர்வர் வைக்கப்போவதில்லை. பக்கத்து ஆலைகள்? நாம் ஆரம்பித்ததில் அவர்கள் சேர்வார்களா? மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் கப்பல் சரக்குக்காக 2018-இல் தொடங்கிய டிரேட்லென்ஸ் அந்தக் கேள்வியில்தான் மாட்டியது. ஒரு கப்பல் கம்பெனி நடத்தும் பேரேட்டில் போட்டிக் கம்பெனிகள் மனசார எழுதுவார்களா? 2022 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்தார்கள். தொழில்நுட்பம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, தொழில் முழுக்கச் சேர வேண்டிய ஒத்துழைப்புதான் வரவில்லை. அத்தனை பெரியவர்களாலேயே முடியாததைப் போட்டிக்கு நிற்கும் நான்கு ஆலைகளை வைத்து நான் செய்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக்குக் கூழ் உற்பத்தியாளர்கள் சங்கமாகக் கூடி எல்லாருமே கேட்டால் அது வேறு பேச்சு. அப்போதும் நான் கோர்டா மாதிரியான ஒன்றைத்தான் கேட்பேன். யார் என்ன விலைக்கு வாங்கினார் என்பது பக்கத்து ஆலைக்குத் தெரிய எவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

ஆக, அதே தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு மூன்று மாற்றம் செய்தோம். ஏறிய வரியைத் திறந்து திருத்தும் வசதியை எடுத்துவிட்டோம். கழிவு வந்தால் "கழிவு 180" என்று புது வரி, பழைய வரியைச் சுட்டிக்காட்டி. கணக்குப்பிள்ளைகளுக்கு இது புதிதே இல்லை. நாள்வழியிலும் பேரேட்டிலும் அடித்தல் திருத்தல் கூடாது, தப்பென்றால் எதிர்ப்பதிவு போடு என்றுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்! வெள்ளைச் சீட்டு திரும்ப வந்தது, இப்போது பிரிண்டரில். மூன்றாவதாக, ஒவ்வொரு நாளும் இரவு கணக்கு முடித்ததும் கடைசி வரியின் ரேகையை அன்று லோடு போட்ட எல்லாக் குத்தகைக்காரருக்கும், ஏற்றுமதி ஏஜென்டுக்கும் அனுப்பிவிடுவது. நியூயார்க் டைம்ஸ் வேலையை அவரவர் போன் செய்யும். அவர்கள் அதைப் படிக்கத் தேவையில்லை, அழிக்காமல் இருந்தால் போதும். பின்னாளில் தகராறு என்று வந்தால் எந்த வருஷத்து மெசேஜையும் எடுத்து ஒப்பிடலாம். ஆலை முன்பே பொய் எழுதியிருந்தால் இது பிடிக்காது. எழுதிய பிறகு மாற்றினால் பிடிக்கும். இந்த எல்லையையும் அறிக்கையில் எழுதினேன்.

அந்த 180 கிலோவுக்குப் பாதிப் பணம் கொடுத்து முடித்தார்கள். குத்தகைக்காரர் சம்மதித்தாரா, சலித்துப்போய் விட்டாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த சீசனும் காய் போட்டார்.

ரேகையை அனுப்ப எஸ்எம்எஸ்தான் நல்லது என்று முடிவானது, எல்லாரிடமும் வாட்ஸ்அப் இல்லை. எஸ்எம்எஸ் என்றால் வாசகத்தை டிஎல்டியில் பதிய வேண்டும். மாறிவரும் இடத்துக்கு 30 எழுத்துதான் இடம், எங்கள் ரேகையோ 64 எழுத்து. முதல் 28 எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம், எங்கள் தேவைக்கு அது தாராளம். தமிழில் எழுதினால் ஒரு மெசேஜுக்கு 70 எழுத்து என்பதால் "இன்றைய கணக்கு முத்திரை" என்ற மூன்று சொல்லோடு நிறுத்த வேண்டியிருந்தது. முதல் தடவை வாசகம் நிராகரிக்கப்பட்டது, காரணம் போடவில்லை. இரண்டாவது தடவை ஆலையின் பெயரைச் சேர்த்து அனுப்பியதும் ஏறிவிட்டது. முதலாளி பதிவு எண்ணைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேன்ல தம்பி, டிஎல்டி நாம ஏற்கனவே பண்ணிட்டோம்னு" என்றார்.